மண்ணெண்ணெய் மெஷினின் முதல் இருபத்தைந்து நிமிடம்

1. விளக்குமாறு

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் குரியன் சார் என் கையில் ஒரு விளக்குமாற்றைக் கொடுத்தார். நான் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வந்தவள். கூட்டிப் பெருக்கத்தான் ஆள் எடுத்திருக்கிறார்களோ என்று முகம் சுருங்கிப்போனது.

"இது பெருக்கறதுக்கில்ல, செண்பகம். இதை முன்னாடி நீட்டிப் பிடிச்சுட்டு வேணும் டெஸ்ட் ரூமுக்குள்ள போகான்," என்றார். அவர் பேசுவது பாதி மலையாளம், பாதி தமிழ். ராக்கெட் வேலையை விட்டுவிட்டு, திருவனந்தபுரத்துக்கு வெளியே ஒரு தொழிற்பேட்டையில் ஷெட் வாடகைக்கு எடுத்துச் சொந்தமாகக் கம்பெனி ஆரம்பித்தவர் அவர்.

ஹைட்ரஜன் எரிந்தால் பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்குத் தெரியாது. புகையும் இருக்காது. பைப்பில் எங்காவது கசிந்து பற்றிக்கொண்டால், நாம் சும்மா நடந்துபோய் அதற்குள் கையை விட்டுவிடுவோம். அதனால் ஈர்க்குச்சி விளக்குமாற்றை இடுப்பு உயரத்தில் நீட்டிக்கொண்டு ஒவ்வோர் அடியாக உள்ளே போகவேண்டும். நுனி சட்டென்று பற்றி எரிந்தால் அங்கே தீ இருக்கிறது என்று அர்த்தம்.

அன்று அந்த அறையில் பன்னிரண்டு அடி நடக்க எனக்குக் கால்மணி நேரம் ஆனது. ஃபிட்டர் தங்கராஜ் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். அவன் மார்த்தாண்டத்துக்காரன். "எக்கா, கோயில் பிரதட்சிணமா பண்ணுதிய?" என்று கேட்டான். குரியன் சார் எனக்குப் 'பேடித்தொண்டி' என்று பெயர் வைத்தார். மலையாளத்தில் பயந்தாங்கொள்ளி. கம்பெனி மூடும்வரை அந்தப் பெயர் என்னோடு இருந்தது. எனக்கு அதில் வருத்தம்தான். ஆனால் பொய்யான பெயர் என்று சொல்லமாட்டேன். நான் குக்கர் விசில் அடித்தால்கூட ஓரடி பின்வாங்கும் ஆள்.

2. சத்தமில்லாத ஜெனரேட்டர்

தொண்ணூறுகளின் கடைசி. மாலையானால் அரைமணி நேரம் கரண்ட் போகும். லோட் ஷெடிங் என்று பேப்பரில் நேரம் போட்டு, சொன்ன நேரத்துக்குச் சரியாகப் போகும். என் அப்பாவுக்குச் சாலை பஜாரில் இரும்புக்கடை. கரண்ட் போனதும் கடைத்தெரு முழுக்க ஜெனரேட்டர்கள் கத்த ஆரம்பிக்கும். அந்த அரைமணி நேரமும் அப்பா வாடிக்கையாளரோடு விரலால்தான் வியாபாரம் பேசுவார்.

சத்தமில்லாத ஒரு ஜெனரேட்டர் செய்வதுதான் எங்கள் வேலை. ஃபியூவல் செல் என்பது ஹைட்ரஜனையும் காற்றையும் சேர்த்து நேராகக் கரண்ட் எடுக்கும் அடுக்கு. நாங்கள் ஸ்டேக் என்போம். அதில் சுழலும் இன்ஜின் இல்லை, அதனால் சத்தமும் இல்லை. ஆனால் ஹைட்ரஜன் சிலிண்டரை யார் வீட்டில் கொண்டுபோய் வைக்கமுடியும்? ஆகவே எல்லோருக்கும் கிடைக்கும் மண்ணெண்ணெயை ஊற்றினால் மெஷினே அதை உடைத்து ஹைட்ரஜன் செய்துகொள்ளவேண்டும். அப்படி உடைக்கும் பகுதிக்கு ரிஃபார்மர் என்று பெயர். உள்ளே எழுநூறு டிகிரிக்கு மேல் சூடு.

மண்ணெண்ணெயை உடைத்தால் ஹைட்ரஜன் மட்டும் வருவதில்லை. கூடவே கார்பன் மோனாக்சைடும் வரும். சி.ஓ. என்று சுருக்கமாகச் சொல்வோம். நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. மூடிய அறையில் அதைச் சுவாசித்தவருக்கு முதலில் தலைவலி, பிறகு மயக்கம், பிறகு ஒன்றுமில்லை. இதற்கு விளக்குமாறு உதவாது. சென்சார்தான் வேண்டும்.

அந்த சென்சார் என் பொறுப்பில் இருந்தது. பயப்படுகிறவளிடம் காவல் வேலையைக் கொடுத்தது குரியன் சாரின் புத்திசாலித்தனம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

3. டைமர்

நாங்கள் வாங்கிய சென்சாருக்கு ஒரு குணம் உண்டு. அது சி.ஓ.வைக் கண்டாலும் கத்தும், ஹைட்ரஜனைக் கண்டாலும் கத்தும். இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஹைட்ரஜன் வேலை செய்யும் இடத்தில் அப்படி ஒரு சென்சாரை வைத்தால் என்ன ஆகும்? நாள் முழுக்கக் கத்தல்தான். முதல் வாரம் ஒவ்வொரு கத்தலுக்கும் நான் வெளியே ஓடினேன். இரண்டாம் மாதம் எழுந்து நின்று பார்த்தேன். ஆறாம் மாதம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது ஹைட்ரஜனாக்கும்," என்று தங்கராஜ் சொல்வான். நானும் அதையே சொல்லப் பழகிவிட்டேன். ஹைட்ரஜன் லேசானது, மேலே ஏறி கூரை வழியாகப் போய்விடும். இப்படி ஒரு சமாதானம். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. வெளியாள் யாராக இருந்தாலும் அலாரம் அடித்தால் ஓடியிருப்பார்.

மெஷினை வீட்டு உபயோகத்துக்குத் தயார் செய்தபோது இதுவே பெரிய தலைவலியாகிவிட்டது. ஸ்டார்ட் செய்த முதல் இருபத்தைந்து நிமிடம் ரிஃபார்மர் சூடாகிக்கொண்டிருக்கும். அப்போது வரும் வாயு ஸ்டேக்குக்குப் போகாது. பக்கத்திலுள்ள பர்னரில் எரிந்து வெளியே போகும். எரியாமல் கொஞ்சம் தப்பிக்கும். சென்சார் கத்தும். கத்தினால் மெஷின் தானாக நிற்கவேண்டும் என்று வயரிங். ஆக, மெஷின் ஒரு நாளும் ஸ்டார்ட் ஆகாது.

பதினோரு நாள் முயன்ற பிறகு நான் ஒரு டைமர் வைத்தேன். முதல் இருபத்தைந்து நிமிடம் சென்சார் சிவப்பு லைட்டைப் போடும், ஆனால் மெஷின் அதைக் கேட்காது. அதற்குப் பிறகு கேட்கும். மெஷின் எப்படியும் வீட்டுக்கு வெளியே திறந்த இடத்தில்தானே நிற்கப்போகிறது என்று கணக்கு. டிராயிங்கில் நான் கையெழுத்துப் போட்டேன், குரியன் சாரும் போட்டார். மெஷின் அன்று மாலையே அழகாக ஸ்டார்ட் ஆனது. தங்கராஜ் எல்லோருக்கும் பழம்பொரி வாங்கி வந்தான்.

அன்றிரவு எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. இப்போது நினைத்தால் அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

4. விசாலம் டீச்சர்

முதல் ஃபீல்டு டிரையலுக்கு ஸ்ரீவராகத்தில் ஒரு அக்ரஹார வீடு கிடைத்தது. விசாலம் டீச்சர் அரசுப் பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். குரியன் சாரின் மனைவியோடு வேலை பார்த்தவர். தனியாக இருந்தார். மாலையில் பதினோரு பிள்ளைகளுக்கு டியூஷன். லோட் ஷெடிங் ஆறரைக்கு, பாடமும் அதே நேரத்தில். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அல்ஜீப்ரா நடத்தி அவருக்கு அலுத்துப்போயிருந்தது.

அந்தத் தெரு வீடுகளுக்குப் பக்கச் சுவர் பொது. நீளமாக, ஒடுக்கமாகப் போகும். வெளிச்சமும் காற்றும் முன்வாசல் வழியாகவும் கொல்லை வழியாகவும்தான். மெஷினைக் கொல்லையில் ஒரு தகரக் கூரைக்கடியில் நிறுத்தினோம். சின்ன ஃபிரிட்ஜ் அளவு. தங்கராஜ் அதற்கு நான்கு சக்கரம் மாட்டியிருந்தான். போர்ட்டபிள் என்று விளம்பரத்தில் போடவேண்டுமே.

ஆறு மணிக்கு ஸ்டார்ட் செய்யவேண்டும், கரண்ட் போகும்போது மெஷின் தயாராக இருக்கும் என்று சொல்லிக்கொடுத்தேன். டீச்சர் பச்சை பட்டனை அமுக்கிப் பார்த்தார். காதைப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"சத்தமே போடாதோ இது?"

"போடாது டீச்சர்."

"சமத்து. ஆனா சிவப்பு லைட்டு எரியறதே?"

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். அதைக் கண்டுக்க வேண்டாம். கொஞ்ச நேரத்துல பச்சையாயிடும்."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார். "இதுல பயப்பட ஏதாவது உண்டோ?"

சொல்வதற்கு எனக்கு ஒரு கட்டு விஷயம் இருந்தது. சி.ஓ. பற்றிச் சொல்லலாம். மெஷின் எந்தக் காரணத்தாலும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்லலாம். டைமர் பற்றியும் சொல்லலாம். ஆனால் குரியன் சார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "எங்க செண்பகத்துட்ட மட்டும் அது கேக்காதீங்க டீச்சரே. இவ பேடித்தொண்டியாக்கும்," என்று சிரித்தார். தங்கராஜும் சிரித்தான். டீச்சரும் சிரித்தார்.

எனக்கு வெட்கமாகப் போயிற்று.

"பயப்பட ஒண்ணுமில்ல டீச்சர்," என்றேன்.

5. மழை

மூன்றாவது வாரம் ஐப்பசியின் துலா மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் மாலை, ஆறேகாலுக்கு ஷெட்டில் போன் அடித்தது. விசாலம் டீச்சர்.

"செண்பகமா? மழை சாய்ச்சு அடிக்கறது, கேட்டியா. மெஷின் நனையறதேன்னு பசங்களை விட்டு உள்ள தள்ளிண்டு வந்துட்டேன். இடைநாழில நிக்கறது. சக்கரம் வச்சது நல்லதாப் போச்சு. இந்த சிவப்பு லைட்டு மட்டும் போகவே மாட்டேங்கறது. நீ சொன்னியே, கண்டுக்க வேண்டாம்னு. ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுடலாமேன்னு கூப்பிட்டேன்."

கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவில் உள்ள ஒடுக்கமான வழிதான் அந்த இடைநாழி.

"வாசக் கதவு திறந்திருக்கா டீச்சர்?"

"சாத்தியிருக்கேன். சாரல் அடிக்கறதே. கொல்லைக் கதவும் சாத்தியாச்சு. ரெண்டு குழந்தைகள் தலைவலின்னு சொல்றதுகள். பள்ளிக்கூடம் விட்டு நேரா வந்ததோன்னோ, பசியா இருக்கும்."

இந்த இடத்தில் நான் சொன்ன முதல் வாக்கியம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. வேலை பழகியவளின் வாயில் மெஷின்தான் முதலில் வந்தது.

"மெஷினை உடனே ஆஃப் பண்ணுங்க டீச்சர். பிள்ளைகளை வெளியே அனுப்புங்க, நனைஞ்சா பரவாயில்ல, நீங்களும் வெளியே..."

போனில் கரகரவென்று சத்தம் வந்து, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. மழை பெய்தால் அந்தப் பக்கத்து லைன் போவது வழக்கம். எதுவரை அவர் காதில் விழுந்தது என்று எனக்குத் தெரியாது. மூன்று தடவை திரும்ப டயல் செய்தேன்.

தங்கராஜின் பைக்கில் கிளம்பினோம். கரமனைப் பாலத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. மழை கண்ணைத் திறக்கவிடவில்லை. மெஷின் ஆறு மணிக்கு ஸ்டார்ட் ஆகியிருக்கும். ஆறு இருபத்தைந்துவரை சென்சார் என்ன சொன்னாலும் அது கேட்காது. அப்படி நான்தான் செய்து வைத்திருந்தேன். பர்னர் வேறு நனைந்திருக்கும். நனைந்தால் தீ சரியாகப் பிடிக்காது, வாயு எரியாமல் முழுசாக வெளியே வரும். ஒடுக்கமான வீடு, இரண்டு பக்கமும் சாத்திய கதவு. கரண்ட் இன்னும் போகாததால் ஃபேன் வேறு சுற்றும், வாயுவை எல்லா மூலைக்கும் கொண்டுபோகும். இதெல்லாம் எனக்குத் தெரியும் என்பதுதான் கொடுமை. தெரியாதவளாக இருந்திருந்தால் அந்தப் பாலத்தில் வெறும் மழையை மட்டும் திட்டிக்கொண்டிருப்பேன். தங்கராஜின் தோளுக்கு மேலாக நான் இரண்டு பக்கமும் எட்டி எட்டி வழி பார்த்ததில் அவனால் ஹேண்டிலை நேராகப் பிடிக்க முடியவில்லை.

"எக்கா, ஆடாம இரிங்க. ரெண்டு பேரும் விழுந்தா யாரு போவா?"

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கரண்ட் போயிருந்தது. எதிர்வீட்டுத் திண்ணைக் கூரைக்கடியில் பிள்ளைகள் நனைந்து ஒட்டிக்கொண்டு நின்றார்கள். எண்ணினேன். பதினொன்று. திரும்ப எண்ணினேன், பதினொன்றுதான். ஒரு பையன் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

"டீச்சர் எங்க?"

ஒரு பெண் சொன்னாள்: "அகத்தாணு சேச்சி, உள்ளதான். எங்கள வெளிய விட்டுட்டு மெஷினை ஆஃப் பண்ணப் போனாங்க. நீங்கதான் சொன்னீங்களாம்."

பிள்ளைகள் வெளியே வந்ததும் வாசற்கதவு காற்றில் தானாகச் சாத்திக்கொண்டிருந்தது. தங்கராஜ் ஒரு துண்டை நனைத்து மூக்கில் கட்டப் போனான். "துணி பிரயோஜனப்படாது. மூச்சை அடக்கிட்டுப் போ. போய்க் கொல்லைக் கதவைத் திற," என்றேன். அவன் கதவைத் தள்ளிக்கொண்டு போனான். நானும் போகவேண்டியவள்தான். என் கால் வாசற்படியைத் தாண்டவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று அவனுடைய விநாடிகளைச் சத்தமாக எண்ணிக்கொண்டு நின்றேன். இருபத்தொன்றில் கொல்லைக் கதவு திறந்து, முகத்தில் ஈரக்காற்று அடித்தது. "எக்கா, வாங்க," என்று அவன் குரல் கேட்டது. அப்போதுதான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

டீச்சர் மெஷினின் முன்னால் உட்கார்ந்த நிலையில் சாய்ந்திருந்தார். ஒரு கை பேனல்மேல் இருந்தது. ஸ்டாப் பட்டன் பின்பக்கம் இருப்பது அவருக்குத் தெரியாது. கரண்ட் வந்ததும் மெஷின் தானாக நின்றுவிடும், நீங்கள் அதைத் தொடவேண்டி வராது என்று சொன்னவளும் நான்தான். கன்னம் சிவந்து, நல்ல ஆரோக்கியமாக இருப்பதுபோல இருந்தார். சி.ஓ. உடம்பில் ஏறினால் அப்படித்தான் இருக்கும் என்று நான் புத்தகத்தில் படித்திருந்தேன்.

மெஷின் நின்றிருந்தது. ஆறு இருபத்தைந்துக்கு என் டைமர் முடிந்ததும், சென்சார் சொன்னதைக் கேட்டு அதுவாகவே நின்றுவிட்டது. டீச்சர் அதன் பக்கத்தில் போகாமலே இருந்திருக்கலாம்.

6. ஆஸ்பத்திரி வராந்தா

ஆக்சிஜன் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் டீச்சர் கண் விழித்து, பிள்ளைகள் எல்லோரும் பத்திரமா என்று கேட்டார். பத்திரம் என்றோம். நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

குரியன் சார் முதல் நாள் முழுக்க வராந்தா பெஞ்சில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்.

"டைமர் யாரு வச்சது?" என்று கடைசியில் கேட்டார்.

"நான்தான் சார்."

"ஒப்பு?"

கையெழுத்தைத்தான் அவர் அப்படிக் கேட்டார்.

"நம்ம ரெண்டு பேரும்."

தலையை ஆட்டினார். பிறகு அவர் என்னைப் பேடித்தொண்டி என்று கூப்பிட்டபோதெல்லாம் குரலில் சிரிப்பு இல்லை. டிரையல் ரிப்போர்ட்டில் 'யாருக்கும் பாதிப்பில்லை' என்று எழுதினோம். எழுதிய அன்று அது உண்மை என்றே இருவரும் நம்பினோம்.

7. அதே கேள்வி

மெஷினைத் திரும்ப எடுத்துவரப் போனபோது ஒரு மாதத்துக்குமேல் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல வெயில். கூடத்தில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. இப்போது முன்கதவும் கொல்லைக் கதவும் அகலத் திறந்திருந்தன. டீச்சர் போர்டில் ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

பாதியில் அவர் கை நின்றது. சாக்பீஸ் போர்டிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. முன்வரிசைப் பெண் மெதுவாக, "ரெண்டால வகுக்கணும் டீச்சர்," என்றாள். "ஆமா," என்று அவர் தொடர்ந்தார். அடுத்த வரியில் திரும்ப நின்றார். இம்முறை வேறொரு பையன் சொன்னான்.

நான் இடைநாழிக்கு நகர்ந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த ஒரு பெண் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நாங்க முறை வச்சிருக்கோம் சேச்சி. டீச்சர் நின்னா ஒருத்தர் சொல்லணும். ஒருத்தரே சொன்னா அவங்களுக்குத் தெரிஞ்சுடும்."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது நன்றாகத்தான் இருந்தாராம். இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் இப்படி ஆரம்பித்ததாம். சி.ஓ. சில பேருக்கு அப்படியும் செய்யும் என்று பிறகு ஒரு டாக்டர் எனக்குச் சொன்னார். சிலருக்குச் சரியாகும், சிலருக்கு ஆகாது.

கொல்லையில் தங்கராஜ் மெஷினைச் சாய்த்துப் பிடித்தான். வகுப்பை முடித்துவிட்டு டீச்சர் அங்கே வந்து நின்றார். மெஷினைச் சுற்றிப் பார்த்தார். குனிந்து காதைப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"சத்தமே போடாதோ இது?"

"போடாது டீச்சர்."

"சமத்து." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார். "இதுல பயப்பட ஏதாவது உண்டோ?"

தங்கராஜ் மெஷினைத் தரையில் இறக்கிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவர் பதிலுக்குக் காத்திருந்தார். முதல் நாள் போலவே, தெரிந்துகொள்ளும் ஆசையோடு காத்திருந்தார்.

"உண்டு டீச்சர்," என்றேன்.

"என்னது?"

கொல்லைப் படியில் அவரை உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சி.ஓ. என்றால் என்ன, அது எங்கிருந்து வருகிறது, சிவப்பு லைட் எதற்கு, முதல் இருபத்தைந்து நிமிடம் மெஷின் ஏன் காது கேளாததாக இருக்கும், அதை அப்படி வைத்தது யார், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மழையே பெய்தாலும் இதை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது என்றும் சொன்னேன். அவர் நடுவில் இரண்டு சந்தேகம் கேட்டார். இரண்டும் நல்ல சந்தேகம்.

முடித்ததும் மெஷினைத் திரும்பிப் பார்த்தார்.

"இத்தனை விஷயம் இருக்கா. இதை முதல்லயே சொல்லிட்டா யாரும் உள்ள கொண்டு வரமாட்டாளே," என்றார். கோபமில்லை. ஒரு ஸ்டெப்பை விட்டுவிட்ட பிள்ளையிடம் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"ஆமா டீச்சர்," என்றேன்.

அந்தக் கம்பெனி இரண்டு வருடத்தில் மூடிவிட்டது. அதற்குப் பிறகு வேறு இடங்களில், வேறு மெஷின்களோடு நிறைய வருடம் வேலை பார்த்தேன். வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு விதத்தில் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். பக்கத்தில் யார் நிற்கிறார்கள், யார் சிரிப்பார்கள் என்று நான் திரும்பிப் பார்ப்பதில்லை. உண்டு என்று சொல்லிவிட்டு, உட்கார ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவேன்.